தியேட்டரில் ஓடிய படம் வீட்டிலும் ஓடுமா?

12 அக்டோபர் 2024, ஒரு வாசகரின் கேள்வி

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். இந்தத் தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறது, மாமியார் வீட்டுப் பக்கமும் வருவார்கள். 65 இன்ச் டிவி வாங்கியாகிவிட்டது. திறந்த இல்ல உபசரிப்பு அன்று, அதாவது யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுப் போகிற அன்று, நாள் முழுக்க ஏதாவது படம் ஓடிக்கொண்டே இருக்கணும். விக்ரம், லியோ, ஜெயிலர், இந்த வரிசையில் போடலாம் என்று இருக்கிறேன். தியேட்டரில் கூட்டம் அள்ளிய படம் வீட்டில் ஓடாமல் போய்விடுமா என்ன?

13 அக்டோபர், காலை

ஓடாது. விக்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவன் நான், இடைவேளையில் முகமூடி கழன்றபோது எனக்குப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள் என் தோளைப் பிடித்து உலுக்கினார், நானும் அவரை உலுக்கினேன். அது ஒரு மணி நேரத்துக்கும் மேலாக கமல் செத்துப்போன ஆள் என்று நம்பவைத்து, ஃபகத் ஃபாசிலை விட்டுத் தேடவைத்துச் சேர்த்த ஆவல். உங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நாலு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும். வருகிற ஒவ்வொருவரும் "இது யாரு, இவன் நல்லவனா கெட்டவனா" என்று கேட்பார்கள். அதற்கு மேல் கைதி படத்தைப் பார்த்திருந்தால்தான் பாதி விஷயம் புரியும். படம் முக்கால்வாசி இருட்டில் நடக்கிறது, பகல் பதினொரு மணிக்கு உங்கள் ஹாலில் சன்னல் வெளிச்சம் திரையில் விழும்போது தெரியப்போவது உங்கள் சோபாவும் நீங்களும்தான்.

லியோவும் அப்படித்தான். அந்த காஃபி கடைச் சண்டை ஒன்றுக்காகப் போடலாம், பின்பாதி ஆரம்பித்ததும் பெண்கள் சமையலறைக்குப் போய்விடுவார்கள், ஆண்கள் கைப்பேசிக்குள் போய்விடுவார்கள். ஜெயிலரில் முதல் பாதி வீட்டுக்கு அருமையான பாதி: தாத்தா, பேரன், யூடியூப் வீடியோ, யோகி பாபு. அப்புறம் தலை உருளும். பாயசம் குடிக்கிற நேரத்தில் அது வேண்டாம்.

வீட்டுக்கு என் கணக்கு ஒன்றுதான். எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், எழுந்து போய் முறுக்கு எடுத்து வந்தாலும் நஷ்டம் இருக்கக்கூடாது, ஆனால் எழுந்து போகவே மனசு வரக்கூடாது.

13 அக்டோபர், இரவு

வேலைக்கு நடுவில் யோசித்ததில் முதல் படம் முடிவாகிவிட்டது. மைக்கேல் மதன காம ராஜன். விவாதத்துக்கே இடமில்லை.

1990 தீபாவளிக்கு வந்த படம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், இளையராஜா. தியேட்டரில் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதி வசனம் காதில் விழுந்திருக்காது. ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த இரண்டு ஜோக் கடந்து போயிருக்கும், கூட்டம் சிரித்த சிரிப்பிலேயே அவை மூழ்கிப்போயின. வீட்டில் ரிமோட் இருக்கிறது. சாம்பாரில் மீன் விழுகிற கல்யாணச் சமையல் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போடலாம், ஒவ்வொரு தடவையும் பின்னால் நிற்கிற யாரோ ஒருவர் முகத்தில் புதிதாக ஏதாவது அகப்படும். கிரேசி மோகன் 2019இல் போய்விட்டார், எங்கள் வீட்டு ஹாலில் இன்னும் வாரத்துக்கு ஒரு வசனமாவது அடிபடுகிறது.

நாலு கமல் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று கவனியுங்கள், 'சுந்தரி நீயும்' பாட்டு முழுக்க மெதுவசைவில் போகும், ஆனால் உதடு மட்டும் பாட்டுக்குச் சரியாக ஒட்டும். பாட்டை வேகமாக ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு நடித்து, கேமராவையும் வேகமாக ஓட்டி எடுத்தது. பெரிய டிவியில் கமல், ஊர்வசி இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கடைசியில் மலை விளிம்பில் ஆடுகிற வீடு சாப்ளினின் கோல்ட் ரஷ்ஷிலிருந்து வந்தது என்று உடனே ஒருவர் எழுதுவார். ஆமாம், வந்தது. 1925இல் அந்த மரவீட்டுக்குள் இருந்தது இரண்டு பேர். இங்கே மொத்தக் குடும்பமும் சம்பந்திகளும் வில்லன்களும் சேர்ந்து சரிகிறார்கள்.

15 அக்டோபர்

பினாங்கு அக்கா ஒருவர் "கமல் படம் என்றால் வயசானவர்களுக்குப் புரியாது, பழைய படம் போடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். முதல் பாதியை ஏற்கமாட்டேன், இரண்டாம் பாதியை இரண்டு கையாலும் ஏற்கிறேன்.

காதலிக்க நேரமில்லை. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம் இருக்கிறதே, அதில் செட் கிடையாது, கிராஃபிக்ஸ் கிடையாது, ஒரு ஆள் வாயாலேயே கதவு கிறீச்சிடுகிற சத்தம் கொடுக்கிறான், இன்னொரு ஆள் பயப்படுகிறார், அவ்வளவுதான். பாதி நேரம் நாகேஷை விட்டுவிட்டு பாலையா முகத்தையே பார்க்கச் சொல்வேன். பணக்காரத் தகப்பன், தோட்டம் துரவு, கர்வம், எல்லாம் அந்த ஒரு முகத்தில் கரைந்து, சின்னப் பையன் மாதிரி ஆகிவிடுவார். எங்கள் வீட்டுப் பொடிசுகள் ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவரை ஒருவர் பயமுறுத்தித் திரிந்தது ஒரு பள்ளி விடுமுறை முழுக்க நடந்தது.

திருவிளையாடலில் தருமி வருகிற பகுதி மட்டும் தனியாக ஒரு குறும்படம். நாகேஷ் கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்புவதில் தொடங்கி சபையில் வாதம் முடிகிற வரைக்கும். நக்கீரராக வருகிறவர் படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனேதான். சிவாஜிக்கு எதிரே நின்று குரலில் ஒரு இஞ்ச்கூட இறங்காமல் பேசியிருக்கிறார், தான் எழுதி இயக்குகிற படத்தில் கதாநாயகனைக் குற்றம் சொல்கிற வேஷத்தைத் தனக்கே வைத்துக்கொண்டார் பாருங்கள்.

தில்லானா மோகனாம்பாள் நீளம். ஆனால் திறந்த இல்ல உபசரிப்புக்கு நீளம் ஒரு குறை இல்லை. நாதஸ்வரம் மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது, சிவாஜி கன்னத்தையும் கழுத்து நரம்பையும் வைத்துக்கொண்டு அவர்தான் வாசிக்கிறார் என்று சத்தியம் செய்ய வைத்துவிடுவார். அப்பா பக்கத்துப் பெரியவர்கள் யாராவது கோயில் மேளக்காரர்களோடு பழகியவர்களாக இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், படத்தைவிட அவர்கள் சொல்கிற கதை நன்றாக இருக்கும்.

15 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

"கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் பிள்ளைகள் உட்காரமாட்டார்கள்" என்கிறார் ஒருவர். அண்ணே, காதலிக்க நேரமில்லை கலர். 1964இல் ஆழியாறு அணைப் பக்கத்துப் பச்சையெல்லாம் அதில் இருக்கிறது. திருவிளையாடலும் கலர், தில்லானாவும் கலர். எந்தக் காலத்து டிவியில் பார்த்தீர்கள்?

18 அக்டோபர்

இன்றைக்குக் கொஞ்சம் டிவி விஷயம், படம் பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

புது டிவியில் பழைய படம் போட்டதும் எல்லோரும் சீரியல் மாதிரி வழுவழுவென்று நகர்கிறார்களே என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். படம் வினாடிக்கு 24 பிரேம். டிவி தானே நடுவில் பிரேம்களைக் கற்பனை செய்து சொருகுகிறது, பந்து விளையாட்டுக்கு அது நல்லது, சினிமாவுக்குக் கேடு. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும், படம் சம்பந்தப்பட்ட அமைப்புகளுக்குள் 'மோஷன்' என்று ஆரம்பிக்கிற எதையாவது கண்டால் அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டுவிட்டு மற்றதைத் தொடாதீர்கள். கடையில் பளபளவென்று காட்டுவதற்காகப் போட்டு வைத்த நீலம் தூக்கலான அமைப்பிலேயே நிறையப் பேர் வருஷக்கணக்கில் ரஜினியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை சத்தம். இப்போது வருகிற படங்களில் பேசினால் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவோம், உடனே அனிருத் வந்து அடிப்பார், குழந்தை எழுந்துவிடும். குறை அனிருத் மேல் இல்லை (கொஞ்சம் இருக்கிறது). படத்தை 5.1 ஒலிக்குக் கலக்கும்போது பேச்சை நடு ஸ்பீக்கருக்குக் கொடுப்பார்கள். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆறு வழியில் வந்தது இரண்டு வழியில் நெருக்கியடிக்கும்போது பேச்சு அடியில் மாட்டிக்கொள்ளும். ஒலி தேர்வில் தமிழ் என்றும் தமிழ் 5.1 என்றும் இரண்டு இருந்தால் சும்மா தமிழைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் இரவு ஒலி என்கிற அமைப்பு இருந்தால் போடுங்கள், பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு இது புண்ணியம், மேல் வீட்டுக்காரருக்கும்.

இதைச் சொன்னதும் விசிடி காலம் ஞாபகம் வருகிறது. மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடைகளில் வாங்கி வருவோம். ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும். படையப்பா மூன்று தட்டு. தட்டு மாற்றுகிற இடத்தைப் படம் பார்த்து யாரும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை, பாட்டின் நடுவில், அடி விழுகிற கையின் நடுவில் எல்லாம் நின்றுவிடும். ஆனால் அந்த நிறுத்தத்தில் வீடே எழுந்து பேசும். யார் செய்தது சரி, நீலாம்பரி திருந்துவாளா மாட்டாளா என்று ஒரு பட்டிமன்றமே நடக்கும், தேத்தண்ணி கலக்குவார்கள், யாராவது "போடுடா அடுத்ததை" என்று கத்துவார்கள். படையப்பாவை இன்றைக்கும் நடுவில் நிறுத்தாமல் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் வராது.

படையப்பாவைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார நாற்காலி கொடுக்காத வீட்டில் தோள் துண்டால் ஊஞ்சலை இழுத்து இறக்கி உட்காருகிற இடம், அதற்கு ரம்யா கிருஷ்ணன் ஒன்றும் பேசாமல் பார்க்கிற பார்வை. ரஜினி படத்தில் ரஜினியைவிட இன்னொருவரைப் பார்க்கத் தோன்றுவது அபூர்வம்.

20 அக்டோபர்

இத்தனை நேரம் ஓடிய படங்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஓடாத படங்களுக்கு வாருங்கள்.

அன்பே சிவம், 2003 பொங்கல். அதே பொங்கலுக்கு நடிகர் விக்ரமின் தூள் வந்து தூள் கிளப்பியது, இந்தப் படத்துக்குக் கூட்டம் சேரவில்லை. சுந்தர் சி. இயக்கம், கதை திரைக்கதை கமல், வசனம் மதன். பண்டிகை நாளில் கும்பலாக வந்து விசிலடிக்க உட்கார்ந்தவர்களுக்கு, தழும்பேறிய முகமும் தடித்த கண்ணாடியுமாக ஒரு ஆள், பக்கத்தில் எரிச்சல்படுகிற மாதவன், வெள்ளத்தில் மாட்டி பஸ்ஸிலும் ரயிலிலும் பேசிக்கொண்டே போகிறார்கள் என்றால் என்ன செய்வார்கள், பாவம். அதே படம் டிவியில் வந்தது, மறுபடி வந்தது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம் என்று போனவன் வாசற்படியில் நின்றபடியே பார்த்து முடித்தான். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் பிடித்த படம் என்பார்கள். இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க நாமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு வீடு தோது.

பஞ்சதந்திரமும் வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். அதில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், வசன எழுத்தைக் கீழே போட்டுப் பாருங்கள், புதிதாக ஒரு படம் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் "அந்த அக்கா யாரு" என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

வீட்டுக்குச் சீக்கிரம் வந்தாலும் சிக்கல் உண்டு. 96 படம் 2018 அக்டோபர் 4இல் வெளியாகி, தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாதத்தில் தீபாவளிக்கு டிவியில் போட்டார்கள். பொங்கலுக்குத் தள்ளிவைக்கச் சொல்லி த்ரிஷாவே கேட்டும் நடக்கவில்லை. தியேட்டர்காரர்களுக்கு வயிற்றெரிச்சல், நியாயம்தான். எனக்கென்னவோ அந்தப் படம் வீட்டுக்கு வந்ததில்தான் முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று தோன்றும். ஒரு ராத்திரி, இரண்டு பேர், ஒரு கார், ஒரு ஹோட்டல் அறை. என் அக்கா தட்டில் சாதம் காய்ந்ததுகூடத் தெரியாமல் பார்த்தாள், மச்சான் ஒன்றும் கேட்காமல் எழுந்து தட்டைக் கழுவப் போனார்.

21 அக்டோபர்

பாட்ஷா எங்கே, பாட்ஷா எங்கே என்று ஆளுக்கு ஆள். பாட்ஷாவைப் பரிந்துரைக்க வேண்டுமா என்ன? அது ஜாதகத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் என் கணக்குக்குள் அது எப்படி வரும் என்று கேட்டவருக்கு: ஆவல் ஏற்றுகிற படம்தான், ஆனால் விக்ரமைப் போல ஆளை மறைத்துவைத்து ஏற்றவில்லை. ரஜினி முதல் காட்சியிலிருந்தே கண்முன் இருக்கிறார், கம்பத்தில் கட்டிவைத்து அடி வாங்கும்போதும். யார் நடுவில் வந்து உட்கார்ந்தாலும் "இவன் சும்மா இருக்கிறான், ஆனால் சும்மா இருக்கிற ஆள் இல்லை" என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

22 அக்டோபர்

சார்பட்டா பரம்பரையை மறந்துவிட்டீர்களே என்று கேட்டவருக்கு நன்றி, நான் சொல்லிவந்ததற்கு நேர் எதிரான படம் அது. 2021 ஜூலை 22இல் தியேட்டரே காணாமல் அமேசான் பிரைமில் நேராக வீட்டுக்கு வந்தது. இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டில் எல்லோரும் அடைந்துகிடந்த நேரம். எங்கள் ஃப்ளாட்டில் நாலைந்து வீட்டில் ஒரே ராத்திரியில் போட்டிருக்கிறார்கள், டான்சிங் ரோஸ் என்கிற குத்துச்சண்டைக்காரர் வளையத்துக்குள் ஆட ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் ஒரு கத்தல், அரை நிமிடம் கழித்து எதிர் பிளாக்கில் ஒரு கத்தல், கீழே ஒரு கத்தல். அவரவர் வீட்டு இணைய வேகத்துக்குத் தகுந்தபடி. அந்தப் படம் பெரிய திரைக்கு உரியது, வீட்டில் அடைபட்ட கூட்டம் அதைத் தியேட்டராக்கிப் பார்த்தது. ஆக, ஆட்கள் கூடினால் தியேட்டர் படமும் வீட்டில் எடுபடும் என்று சேர்த்துக்கொள்கிறேன். விக்ரமுக்கு இது பொருந்தாது, ஏனென்றால் கூடுகிற ஆட்கள் ஒரே நேரத்தில் கூடவேண்டும், திறந்த இல்ல உபசரிப்பில் அது நடக்காது.

சூரரைப் போற்றும் 2020 தீபாவளி நேரத்தில் அப்படியே நேராக வீட்டுக்கு வந்ததுதான். ஊர்வசி மகனைத் திட்டி அழுகிற அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்துவிடுவேன். கேட்காதீர்கள்.

26 அக்டோபர்

மெய்யழகன் நேற்று நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. நேற்றிரவே பார்த்தாகிவிட்டது. மேலே சொன்ன எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள், இதைப் பேசவேண்டும்.

96 எடுத்த பிரேம்குமார்தான் இயக்குநர். சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறின குடும்பத்துப் பையன் அருள்மொழி, இப்போது சென்னையில் நடுத்தர வயதுக்காரர், அரவிந்த்சாமி. தங்கச்சி கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார், வந்த கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று. அங்கே அத்தான் அத்தான் என்று ஒட்டிக்கொள்கிற கார்த்தி. இவருக்கு அந்த ஆளின் பெயர் ஞாபகம் இல்லை, கேட்கவும் கூச்சம். இதுதான் கதை, ஒரு ராத்திரி ஓடுகிறது.

செப்டம்பர் 27இல் தியேட்டருக்கு வந்தபோது நீளம் என்று குறை சொல்லி, சில நாளிலேயே சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். நீளமாம்! கல்யாண வீட்டில் யாரையாவது பார்த்து இரண்டு நிமிடத்தில் பேசி முடித்திருக்கிறீர்களா? என் மனைவி நடுவில் எழுந்து துணி மடித்துக்கொண்டே பார்த்தாள், என் அம்மா இடையிடையே "இந்த மாதிரிதான் உங்க சின்ன தாத்தா" என்று ஆரம்பித்து ஒரு கதை சொல்லிவிட்டுத் திரும்பப் படத்துக்குள் போனாள், படம் அவளுக்காக நின்று காத்திருந்தது போலத்தான் இருந்தது.

நம் ஆட்களுக்கு இது இன்னும் ஒரு படி அதிகம் சுடும். எங்கள் தாத்தா பாட்டி கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், இருந்தவர்கள். தோட்டத்தை விற்று வீடமைப்பு வந்தது, சனங்கள் ஆளுக்கொரு திசை, நாங்கள் கோலாலம்பூர் ஃப்ளாட்டுக்கு. அம்மாவுக்கு இன்னும் அந்தக் கோயில் திருவிழாவுக்குப் போக விருப்பமும் இல்லை, போகாமலிருக்க மனசும் இல்லை. அரவிந்த்சாமி தன் பழைய வீட்டை வெளியே நின்று பார்க்கிறபோது எங்கள் ஹாலில் யாரும் பேசவில்லை, அம்மா மட்டும் "வெளியே நின்னு பார்க்கிறதுக்குக்கூட எங்களுக்கு வீடு இல்லையே" என்றாள். தோட்டத்தில் இப்போது இரண்டு மாடி வரிசை வீடுகள்.

கமல் பாடியிருக்கிற பாட்டு ஒன்று வருகிறது, 'யாரோ இவன் யாரோ'. இசை கோவிந்த் வசந்தா. இளைய குரல் யாரையாவது போட்டிருந்தால் அது காதல் பாட்டாகிப் போயிருக்கும்.

சண்டை இல்லை, ஜல்லிக்கட்டு பற்றி ஒரு பகுதி, இலங்கை பற்றி கொஞ்சம் பேச்சு, அந்த இடங்களில் எனக்கே படம் மேடை ஏறிவிட்டதாகத் தோன்றியது. போகட்டும். கல்யாணம் முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லாம் பாயில் படுத்துக்கிடக்கிற பொழுதில் போடவேண்டிய படம்.

27 அக்டோபர்

"எல்லாமே தமிழ்நாட்டுப் படம், நம் நாட்டுப் படம் ஒன்றாவது சொன்னீர்களா" என்று ஈப்போக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஐயா, கோபம் நியாயம்.

ஜகாட். 2015, சஞ்சய் குமார் பெருமாள். தோட்டம் கலைந்து புறம்போக்கில் வந்து ஒட்டிக்கொண்ட குடும்பம், 90களின் தொடக்கம், அப்போய் என்கிற கெட்டிக்காரப் பையன் கொஞ்சம் கொஞ்சமாக எந்தப் பக்கம் சாய்கிறான் என்பது படம். 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் மலேசியாவின் சிறந்த படம் என்ற விருது இதற்குத்தான் கிடைத்தது, மலாய் அல்லாத படங்களை எந்தப் பிரிவில் வைப்பது என்று அதற்கு முன்னால் நாடே சண்டை போட்ட வருஷம் அது. ஆனால் தீபாவளி அன்று போடாதீர்கள். அந்தப் படம் முடிந்ததும் அப்பாக்கள் மகன்களைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், விருந்துக்கு நடுவில் அது வேண்டாம். ஒரு சாதாரண வியாழக்கிழமை ராத்திரி, மகனையும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

தீபக் குமாரன் மேனனின் செம்மண் சாலை 2005இல் வந்தது, தோட்டத்து வாழ்க்கை, அவசரமே இல்லாத படம். பெரியவர்கள் ரசிப்பார்கள், பொடிசுகள் ஓடிவிடுவார்கள். பொடிசுகளுக்கும் பதின்ம வயதுக்காரர்களுக்கும் பூச்சாண்டி, 2022, ஜே.கே. விக்கி. மதுரையிலிருந்து பேய்க்கதை தேடி இங்கே வருகிற ஆள், ஆவியைக் கூப்பிட்டு விளையாடுகிற மூன்று நண்பர்கள், ஒரு பழைய நாணயம், கடாரத்து வரலாறு என்று போகும். பேயைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட அந்தப் பேய் எந்தக் காலத்து ஆள் என்று கண்டுபிடிக்கிற இடம்தான் எனக்குப் பிடித்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் கபாலி. இதை நம் நாட்டுப் படக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு சண்டை வரும், வரட்டும். 2016இல் தியேட்டரில் பார்த்தவர்கள் பாட்ஷாவை எதிர்பார்த்துப் போய் ஏமாந்து வந்தார்கள், இயக்குநர் ரஞ்சித் கொடுத்ததோ தோட்டக் கூலிச் சண்டையும், சிறையிலிருந்து வந்து மனைவியைத் தேடுகிற கிழவனும். வீட்டில் போட்டால் அந்தப் பின்பாதி அமைதியாக வேலை செய்கிறது. ராதிகா ஆப்தே கதவைத் திறந்து பார்க்கிற இடம், ரஜினி தன் வயசுக்கு நடித்த அபூர்வமான சில நிமிடங்கள். இங்கே தியேட்டரில் ஓடிய பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்தான் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள், தமிழ்நாட்டில் பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

பில்லாவும் இங்கே எடுத்ததுதான், 2007. பத்துமலையில் எடுத்த சேவற்கொடி பாட்டு வரும்போது "அந்தப் படிக்கட்டில் நான் அன்றைக்கு நின்றேன்" என்று சொல்ல ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். பொய்யென்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

1 நவம்பர்

முடிந்தது. வீடு இன்னும் எண்ணெய் வாசம்.

மைக்கேல் மதன காம ராஜன் காலையிலேயே போட்டாகிவிட்டது, நான் சொன்னபடி வந்தவர்கள் வந்த இடத்திலிருந்து சிரித்தார்கள். ஆச்சரியம் மத்தியானம்தான். கீழ் வீட்டு மலாய்க் குடும்பம் பலகாரம் சாப்பிட வந்தது, படையப்பா ஓடிக்கொண்டிருந்தது, மலாய் எழுத்தோடு. அந்த அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை நகரவில்லை. நீலாம்பரி பக்கம்தான் அவர். தப்பே அவள் மேல் இல்லை என்று என் அம்மாவோடு வாதாடினார், அம்மா பாதி மலாய் பாதி தமிழில் பதில் சொன்னாள், பிள்ளைகள் இரண்டு பேரையும் தூண்டிவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் வெளியே பட்டாசுப் பேச்சில்.

தில்லானா போட முடியவில்லை, நேரம் போதவில்லை. மச்சான் மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு "விக்ரம் போடேன்" என்றார். போட்டேன். விளக்கை அணைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து. நன்றாகத்தான் இருந்தது, சொல்லிவிட்டேன், பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

4 நவம்பர்

அமரனைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கலாமா என்று மூன்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். காஷ்மீர்ச் சண்டைகளுக்குத் தியேட்டர் வேண்டும். ஆனால் கதையைச் சொல்கிறவள் மனைவி, சாய் பல்லவி. தொலைபேசியில் கணவன் குரலுக்காகக் காத்திருக்கிற காட்சிகள்தான் படத்தின் உயிர், அவை வீட்டுத் திரையில் குறையாது, கூடும் என்றே நினைக்கிறேன். இரண்டிலும் பாருங்கள், வசதி இருந்தால்.

6 நவம்பர்

மகாராஜாவைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா என்ற கேள்விக்கு: கூடாது. விஜய் சேதுபதியின் 50ஆவது படம், குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுக்கிற முடிதிருத்துகிறவர் என்று ஆரம்பம் சிரிப்பாகத்தான் இருக்கும், அதை நம்பிப் பொடிசுகளை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் வருவது சின்னப் பெண்ணுக்கு நடக்கிற கொடுமை. காலத்தை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கியிருக்கிறார் இயக்குநர் நித்திலன், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பார்த்தால் ஒன்றும் புரியாது, நடுவில் எழுந்து போனால் அதோடு சரி. பெரியவர்கள் மட்டும், பிள்ளைகள் தூங்கின பிறகு, சாப்பாட்டை முடித்துவிட்டு.